சுவர் நின்றது, பள்ளி போயிற்று

பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரில், கடலையொட்டி லைட் வீதியில் நீண்டு செல்லும் கான்வென்ட் மதிலை அறியாத ஆசிரியர் நம்முள் அரியர். அம்மதிலுக்குள் 1859ஆம் ஆண்டு முதல் பெண்பிள்ளைகள் கல்வி கற்றனர். பள்ளியோ அதற்கும் ஏழாண்டு மூத்தது; 1852இல் தோன்றியது. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய பெண்கள் பள்ளி என்று பெயர் பெற்றது. நூற்றறுபது ஆண்டுகளைக் கடந்து நின்ற அப்பள்ளி, நம் கண் முன்னேயே, வகுப்பு வகுப்பாகக் குறைக்கப்பட்டு முடிந்து போயிற்று. கட்டடம் இடியவில்லை, கூரை சரியவில்லை, ஒரு செங்கல்லும் பெயர்க்கப்படவில்லை. பள்ளி மட்டும் போயிற்று.

இதைப் பற்றி நம்மவர் எழுதியவை பெரும்பாலும் கண்ணீர்க் கட்டுரைகள். பழைய மாணவியர் படம் பிடித்துக் கொண்டனர். செய்தித்தாள்கள் பழம்பெருமை பேசின. நானும் ஒரு மாலை அந்த வாயிலருகே நின்று பெருமூச்செறிந்து வீடு திரும்பியவனே. ஆயினும் பெருமூச்சு எந்தப் பள்ளியையும் காத்ததில்லை. ஆதலின் இங்கே அழ வரவில்லை, வழக்காட வந்துள்ளேன். அவ்வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் ஒருவர் அல்லர், மூவர். அம்மூவருள் நாமும் ஒருவர்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிரான்சு நாட்டில் 17ஆம் நூற்றாண்டில் நிக்கோலாஸ் பாரே என்னும் துறவி, எழுத்தறியாத ஏழைச் சிறுமியருக்கென்று கட்டணமில்லாப் பள்ளிகளைத் தொடங்கினார். அவர் மரபில் வந்த கன்னியர்களே குழந்தை இயேசு சபையார். அச்சபையின் பழைய பெயரிலேயே 'தருமப் பள்ளிகள்' என்னும் சொல் இருந்தது. சிங்கப்பூரில் இறைப்பணியாற்றிய பாதிரியார் பியூரெல் விடுத்த அழைப்பை ஏற்று அவர்கள் கீழ்த்திசைக்குக் கப்பலேறினர். முதற்குழுவுக்குத் தலைமை தாங்கிய அன்னையார் வழியிலேயே, கடலில், உயிர் நீத்தார். எஞ்சியவர் 1852 ஏப்ரலில் பினாங்கில் கால் வைத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அன்னை மத்தில்டு ராக்ளோ வந்து பொறுப்பேற்றார். அவரே 1854இல் சிங்கப்பூரிலும், 1872இல் சப்பானிலும் பள்ளி காணச் சென்றவர்.

சர்ச் வீதியில் எளிய குடிலில் தொடங்கிய பள்ளி, 1859இல் பழைய அரசு மாளிகையையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் விலைக்கு வாங்கி லைட் வீதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளி மட்டும் இயங்கவில்லை; பெற்றோர் இல்லாப் பிள்ளைகளுக்கு இல்லமும் இருந்தது. வளர்க்க வழியற்றவர் கைக்குழந்தையை வாயிலில் விட்டுச் செல்வர். கன்னியர் எடுத்து வளர்ப்பர். இன்னாருடைய பிள்ளை என்று எவரும் கேட்டதில்லை.

இரண்டாம் உலகப் போரில் சப்பானியக் கடற்படை அவ்வளாகத்தைக் கைப்பற்றியது. 1943 ஏப்ரலில் மூழ்கிய 'கிரெனடியர்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகளை அங்கே அடைத்து வைத்து வதைத்தனர். அவர்கள் வகுப்பறைச் சுவரில் கீறி வைத்த பெயர்கள் பின்னர் பாதுகாக்கப்பட்டன. போர் முடிந்தது, பள்ளி மீண்டும் திறந்தது. போரும் பஞ்சமும் மூட இயலாத பள்ளியை அமைதிக்காலம் மூடிவிட்டது என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

மூடிய முறைதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. நிலத்தின் உரிமையாளரான சபையார், தம் இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் முடிவை 2010களின் பிற்பகுதியில் தெரிவித்தனர். ஒரே நாளில் எவரும் வெளியேற்றப்படவில்லை. புதிய மாணவியரைச் சேர்ப்பது மட்டும் நின்றது. முதற்படிவ வகுப்பு இல்லாத ஆண்டு வந்தது. அடுத்த ஆண்டு முதற்படிவமும் இல்லை, இரண்டாம் படிவமும் இல்லை. இவ்வாறு கீழிருந்து மேலாகத் தேய்ந்து, இருந்தவர் எல்லாரும் முடித்துச் சென்றபின் பள்ளி தானாகவே இல்லாமற் போயிற்று. இன்று அவ்விடத்தில் கட்டணம் பெறும் தனியார் அனைத்துலகப் பள்ளி நடைபெறுகிறது.

மரத்தை வெட்டினால் ஊர் கூடும். வேருக்கு நீரை நிறுத்தினால் எவரும் கூடார். இலை உதிர்ந்து முடிந்தபிறகே 'ஐயோ, பட்டுவிட்டதே' என்பர். வாயிற்கதவைப் பூட்டிய நாளன்று அப்பள்ளி இறக்கவில்லை. முதற்படிவத்தில் ஒரு பிள்ளையும் சேராத அந்தச் சனவரியிலேயே இறந்துவிட்டது. அன்று நாம் எங்கே இருந்தோம்?

இவ்விடத்தில் சில மறுப்புகள் எழும். ஒவ்வொன்றாக எதிர்கொள்வோம்.

'அது ஆங்கிலேயர் காலத்து ஆங்கிலப் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி. தமிழாசிரியர் கூட்டத்தில் அதற்கென்ன பேச்சு?' என்பர் சிலர். அது ஆங்கிலப் பள்ளியாய் இருந்தது உண்மையே. ஆனால் 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தேசிய மொழிக்கு மாறிய பிறகு, கான்வென்ட்டும் தேசியப் பள்ளியாயிற்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்த நம் சிறுமி, புகுமுக வகுப்புக்கோ முதற்படிவத்திற்கோ செல்ல வேண்டிய கதவுகளில் அதுவும் ஒன்று. பெண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளி என்றால்தான் மகளை மேலே படிக்க அனுப்புவேன் என்று பிடிவாதம் செய்த தந்தையர் நம்மிடையே எத்தனை பேர்! அந்தப் பிடிவாதத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கான்வென்ட் இருந்ததனால் அடுப்படிக்குத் திரும்பாமல் தப்பிய தமிழ்ப்பெண்கள் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் நம் வீதிகளில் நடமாடினர் என்பதை மறுக்க ஒண்ணாது. மதத்தைக் காரணம் காட்டி விலகுவோர்க்கு ஒன்று சொல்வேன்: ஈப்போவில் செயின்ட் பிலோமினா கான்வென்ட், தைப்பிங்கில் செயின்ட் தெரேசா கான்வென்ட் என்று பெயர் தாங்கி நிற்பவை தமிழ்ப்பள்ளிகள் அல்லவோ? கன்னியர் நட்ட மரங்களின் நிழலில் தமிழும் இளைப்பாறியிருக்கிறது.

'நிலம் அவர்களுடையது, திரும்பப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு' என்பது இரண்டாவது மறுப்பு. உண்டு. சட்டப்படி அதை யாரும் மறுக்க இயலாது. 1859இல் தம் பொருள் கொடுத்து வாங்கினர்; ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைப்பையும் கொடுத்தனர். இன்று துறவறம் புகுவோர் அருகிவிட்டனர், இருப்போர் முதியோர். பழைய கட்டடத்தைப் பேணுவது சிறு செலவன்று. வாடகையாக வரும் பணம் வேறோர் அறப்பணிக்குப் பயன்படவுங்கூடும். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டபின் பணிவுடன் ஒரு கேள்வி கேட்கிறேன். கட்டணமில்லாப் பள்ளிக்கென்றே பிறந்த ஒரு சபையின் வளாகத்தில், கட்டணம் செலுத்த இயலாத சிறுமிக்கு இடமில்லை என்றால், நிலத்தின் உரிமை காக்கப்பட்டது. நோக்கத்தின் உரிமை என்னாயிற்று? அந்த வாயிலில் விடப்பட்ட குழந்தைகள் இன்று வந்து கேட்டால் அவர்களுக்கு யார் விடை சொல்வது?

அடுத்துக் கூண்டில் ஏற வேண்டியவர் அரசு. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியே சமயச் சபைகளின் பள்ளிகள் அரசின் முழு உதவி பெறும் பள்ளிகளாயின. பாடத்திட்டம் அரசினுடையது, ஆசிரியர் நியமனமும் தலைமையாசிரியர் நியமனமும் அரசினுடையவை, தேர்வும் சான்றிதழும் அரசினுடையவை. நிலம் மட்டும் சபையினுடையது. பிறர் நிலத்தில் தம் பள்ளியை நடத்தும் ஏற்பாடு என்றேனும் ஒருநாள் முறியும் என்பதை அறியப் பெரிய அறிவு தேவையில்லை. அந்த நாள் வருமுன் நீண்டகாலக் குத்தகை ஒன்றை எழுதிக்கொள்ளவும், தகுந்த வாடகை தரவும், அன்றேல் மாற்றிடத்தில் அதே பெயரில் பள்ளியை எழுப்பவும் அரை நூற்றாண்டுக்கு மேல் காலம் இருந்தது.

'நகரின் நடுவே குடிமக்களே குறைந்துவிட்டனர். பிள்ளைகள் எங்கிருந்து வருவர்?' என்று கேட்பார்க்கும் இங்கேயே விடை உண்டு. குறைந்தது உண்மை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது, ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறைகளாய்க் குறைந்த வாடகைக்கு வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் புறநகருக்குச் சிதறின. வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. ஆனால் மக்கள் நகர்ந்தால் பள்ளியும் நகரலாமே!

சிங்கப்பூரைப் பாருங்கள். அன்னை மத்தில்டு 1854இல் தொடங்கிய விக்டோரியா வீதிக் கான்வென்ட், 1983இல் தோ பாயோவுக்கு மாறியது. பழைய கட்டடம் 'சைம்ஸ்' என்று பெயர் சூடி உணவகங்களின் கூடமாயிற்று. பழைய சிற்றாலயத்தில் திருமண விருந்துகள் நடக்கின்றன. கட்டடத்தை விரும்புவோர் அதற்காக வருந்தலாம். பள்ளியோ தன் பெயரோடும் மாணவியரோடும் தொடர்ந்து வாழ்கிறது. அங்கே உடல் விற்கப்பட்டது, உயிர் காப்பாற்றப்பட்டது. இங்கே உடலைப் போற்றி வைத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டோம்.

'கட்டடம் காப்பாற்றப்பட்டதே, அங்கே இன்னும் ஒரு பள்ளிதானே நடக்கிறது' என்பது கடைசி மறுப்பு, நயமானதும் அதுவே. ஜார்ஜ் டவுன் 2008 சூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதன்பின் மரபுரிமை எல்லைக்குள் ஒரு சாளரத்தை மாற்றவும் அனுமதி வேண்டும். ஓட்டின் நிறத்திற்கும் விதி உண்டு. நன்று. ஆனால் அந்தச் சாளரத்தின் உட்புறம் யார் அமர்ந்து படிக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டா? இல்லை. சுண்ணாம்புக்குக் காவல் உண்டு, சிறுமிக்கு இல்லை. கைதிகள் கீறிய பெயர்களைப் பேணினோம், அது தக்கதே. நூற்றறுபது ஆண்டுகளாய் அங்கே வருகைப் பதிவேட்டில் அழைக்கப்பட்ட பெயர்களை யார் பேணினர்? மரபுரிமை என்பது கல்லும் மரமும் மட்டுமே என்றால், நம் பிள்ளைகள் எந்தக் காலத்திலும் அப்பட்டியலில் ஏறமாட்டார்கள்.

இனி மூன்றாமவராகிய நம்மிடம் வருகிறேன்.

கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் கான்வென்ட்டுக்கும் ஒரு நெருக்கடி வந்தது. 1899இல் தோன்றிய அப்பள்ளியின் நிலக்குத்தகை 2021 செப்டம்பரில் முடிந்தது. நீட்டிப்பு முதலில் மறுக்கப்பட்டது. பள்ளியின் பொறுப்பாளர்கள் நீதிமன்றம் ஏறினர்; பெற்றோரும் பழைய மாணவியரும் குரல் கொடுத்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் அறுபதாண்டுக் குத்தகை நீட்டிப்புக் கிடைத்தது. அங்கே நிலத்தைக் கையாண்ட சபையாரே பள்ளி தொடர வேண்டும் என்று நின்றனர்; இங்கே நிலை வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆயினும் ஒன்று விளங்குகிறது: தாள் முடிவதற்கு முன்னரும் முடிந்த உடனேயும் எழும் குரலுக்கு வலிமை உண்டு, எல்லாம் முடிந்தபின் எழும் ஒப்பாரிக்கு இல்லை.

இக்கதை நம் தமிழ்ப்பள்ளிகளின் கதையே என்பதை இன்னும் உணராதவர் உண்டோ? 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பைத்தான் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் முதல் விளக்கு என்று கொண்டாடுகிறோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்றது. கூட்டு மலாய் மாநிலங்களின் பால்மரத் தோட்டங்களில் பள்ளிகள் முளைத்தன. முளைத்த நிலம் யாருடையது? தோட்டத்துடையது. விடுதலை பெற்ற 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் வெளியேறியதும், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டதும் காரணங்கள். அவற்றின் அடியில் கிடக்கும் காரணம் ஒன்றே: பள்ளி நின்ற மண் பள்ளிக்குச் சொந்தமன்று. இன்றும் நம் பள்ளிகளில் பெரும்பான்மையானவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருப்பதற்கும் இதுவே மூலம். பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளும் இதற்கு முற்றும் விலக்கு என்று எவரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல இயலாது.

நான் தலைமையேற்ற ஒரு பள்ளியில், பொறுப்பு ஏற்ற முதல் மாதம் நிலப்பட்டாவைத் தேடினேன். அலமாரியில் பரிசுக் கோப்பைகள் இருந்தன. விளையாட்டுப் போட்டிப் படங்கள் இருந்தன. திறப்புவிழா மாலை ஒன்று காய்ந்து கிடந்தது. பட்டா இல்லை. ஒரு பழைய தோட்ட நிருவாகத்தின் கடிதம் மட்டும் இருந்தது. அதில் கையொப்பமிட்ட நிறுவனமே இப்போது இல்லை. பள்ளி வாரியத்தில் மூத்த ஒருவரிடம் கேட்டேன். 'இத்தனை காலம் யாரும் கேட்கவில்லையே, ஐயா! நீங்கள் ஏன் உறங்குகிறவரை எழுப்புகிறீர்கள்?' என்றார். அவர் சொல் பொய்யன்று. யாரும் கேட்கவில்லை. நான்கூட ஒருமுறை கேட்டுவிட்டு, தேர்வு வந்தது, பரிசளிப்பு வந்தது என்று ஈராண்டு வாளா இருந்தேன். லைட் வீதியில் முதற்படிவம் நின்றுவிட்டது என்ற செய்தி வந்த பிறகுதான் எனக்கு உறக்கம் கலைந்தது. இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதென்றால், அது குற்றத்தில் பங்கு பெற்றவன் என்னும் தகுதியே.

ஆசிரியப் பெருமக்களே! பயிற்சிக் கல்லூரியில் நமக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்றுத் தந்தனர். கரும்பலகையில் எழுதும் முறை கற்றுத் தந்தனர். நாம் நிற்கும் மண் யாருடையது என்று கேட்கக் கற்றுத் தரவில்லை. இனி நாமே கற்க வேண்டும். முதலாவது, ஒவ்வொரு பள்ளியும் தன் நிலப்பத்திரத்தின் நிலையை எழுத்தில் அறிந்து, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். குத்தகை என்றால் முடியும் ஆண்டு எது என்று ஒவ்வொரு தந்தைக்கும் தாய்க்கும் தெரிய வேண்டும். இரண்டாவது, முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தேர்வு விழுக்காட்டினும் பெரிய செய்தியாகக் கொள்ள வேண்டும். கீழ்வகுப்பு வற்றினால், மேல்வகுப்பு நிரம்பி வழியும் நாளிலேயே மணியடிக்க வேண்டும். மாற்றிடம் கேட்க வேண்டியதும் அன்றே. மூன்றாவது, பழைய வருகைப் பதிவேடுகளையும் சேர்க்கைப் புத்தகங்களையும் கரையானுக்கும் பழைய தாள் வாங்குவோருக்கும் கொடாமல் காக்க வேண்டும். எந்நிலத்தில் எத்தனை தலைமுறை படித்தது என்பதற்குச் சான்று இல்லாதவன் வழக்கில் வெல்லமாட்டான்.

மாணவ மாணவியர்க்கும் ஒரு சொல். நீங்கள் படித்த பள்ளிக்கு ஆண்டுக்கொருமுறை பூங்கொத்தோடு செல்வது நன்று. அதைவிட நன்று, அதன் நிலப்பத்திரம் எங்கே என்று கேட்டுக்கொண்டு செல்வது. முதல் முறை சிரிப்பார்கள். இரண்டாம் முறை அலமாரியைத் திறப்பார்கள்.

லைட் வீதி மதில் இன்றும் நிற்கிறது. மழைக்குப்பின் வெயில் படும்போது அழகாகவே இருக்கிறது. சுற்றுலா வருவோர் நின்று படம் பிடிக்கிறார்கள். பக்கத்து வீதியில் பூ கட்டி விற்பவரின் மகளும் பள்ளி முடிந்து அவ்வழியே நடந்து போகிறாள். அவள் பாட்டி தலைமுறைக்குத் திறந்திருந்த வாயில் அது. அவளுக்கு அது வெறும் மதில். அவள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் வாயிலேனும் அவள் மகளுக்குத் திறந்திருக்க வேண்டுமாயின், நாளைக் காலை இறைவணக்கம் முடிந்ததும் அலுவலக அலமாரியைத் திறந்து அந்தப் பத்திரத்தைத் தேடுவோம்.